மூக்கடைப்பும் ரம் புகையிலையும்

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் சுகம். நான் கொஞ்சம் அதிகமாகவே சுகம், அவள் கொஞ்சம் குறைவாக. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அங்கே உங்கள் முழங்கால், வீட்டில் உள்ளவர்களின் உடல்நிலை, மாடியில் நீங்கள் வளர்க்கும் ரோஜாச் செடிகள் எல்லாம் நல்லபடியாக இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்க வேண்டாம். உட்காருங்கள். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தால் இன்னும் நல்லது. ஏனென்றால், மச்சான், நான் ஜெயித்துவிட்டேன்.

போன தடவை நீங்கள் வந்திருந்தபோது எங்கள் ஹாலில் நடந்த வழக்கு உங்களுக்கு மறந்திருக்காது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து நான் பைப் பிடிக்கிறேன், நான் பைப்பைக் கையில் எடுத்ததுமே உங்கள் தங்கை தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுகிறாள், போனவள் சும்மா இராமல் அங்கிருந்தபடியே என்னைத் திட்டுகிறாள், நடுவில் இருக்கும் சுவரால் எனக்கு ஒரு உபகாரமும் இல்லை என்றெல்லாம் உங்களிடம் முறையிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைத்தெருப் புகையிலைக் கடைக்காரர் ரம்மில் ஊறவைத்துப் புதிதாக ஒரு பைப் புகையிலை தயாரித்திருக்கிறார், மற்றப் புகையிலைகளின் நடுவே அதை ருசியால் கண்டுபிடித்து மதிப்பிடும் போட்டிக்கு வாடிக்கையாளர்களில் மூன்றே மூன்று பேரைக் கூப்பிட்டிருக்கிறார், அதில் ஒருவன் நான் என்பதையும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லிவிட்டேன். உங்கள் தங்கை சிரித்த சிரிப்பில் மேஜையில் இருந்த தண்ணீர் ஜாடி ஆடியது.

"இவருக்கா? அண்ணா, போன மாசம் அடுப்புல பால் தீஞ்சு வீடே புகை மூட்டமாயிடுச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க ஓடி வந்தாங்க. இவரு அடுப்புக்குப் பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சுட்டு இருக்காரு! இவரு மூக்கு முகத்துல ஒரு அழகுக்கு இருக்கு, அவ்வளவுதான்" என்றாள். அழகுக்கு என்றாவது ஒப்புக்கொண்டாளே என்று நான் திருப்திப்பட்டுக்கொண்டேன். நீங்கள்தான் வீட்டில் எந்தப் பஞ்சாயத்தானாலும் தீர்ப்புச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டீர்களே! தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னீர்கள்: "ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. ரம்முல ஊறின புகையிலை எதுன்னு மாப்பிள்ளை சரியாக் கண்டுபிடிச்சுட்டா, அவர் பைப் பிடிக்கிறப்ப நீ அதே ஹால்ல உக்காரணும். பைப் அணையுற வரைக்கும் வாயே திறக்கக் கூடாது. கண்டுபிடிக்கலன்னா, மாப்பிள்ளை, எல்லா பைப்பையும் பெட்டியில போட்டு எனக்கு அனுப்பிடணும். என் கண்ணாடி அலமாரி காலியாத்தான் இருக்கு." நாங்கள் இருவரும் சரி என்று தலையாட்டினோம். ஊர் திரும்பிய அன்றே நீங்கள் அலமாரியைத் துடைத்து வைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்தத் துணியை இப்போது வேறு எதற்காவது பயன்படுத்திக்கொள்ளலாம்.

வாய் வீரம் பேசிவிட்டேனே தவிர உள்ளுக்குள் எனக்கு உதறல்தான். வேலையில் இருந்த காலமெல்லாம் நான் லிஃப்ட் பரிசோதகன். கம்பி தேய்ந்திருக்கிறதா, கதவு ஒழுங்காக மூடுகிறதா, சொன்ன பாரத்தைத் தாங்குமா என்று கண்ணாலும் காதாலும் காலாலும் பார்த்துப் பழகியவனே ஒழிய மூக்குக்கு அந்தத் தொழிலில் வேலையே கிடையாது. எனவே பயிற்சி எடுப்பது என்று முடிவு செய்தேன். கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். உங்கள் தங்கை ஒவ்வொரு பொருளாக மூக்கின் கீழ் நீட்டினாள். ஷூ பாலிஷைக் காப்பித்தூள் என்றேன். சோப்பை ஆரஞ்சு என்றேன். மூன்றாவதாக நீட்டியதை நன்றாக இழுத்து முகர்ந்து, "சீஸ், நல்ல ரகம், ஆனா கொஞ்சம் பழசு" என்றேன். கட்டை அவிழ்த்துப் பார்த்தால் அது என்னுடைய காலுறை. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தச் செய்தியை உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னவள் அவள்தான் என்பதும் எனக்குத் தெரியும்.

அதற்கடுத்து வந்தது பைப் விவகாரம். பைப்பின் மரக்கிண்ணம் தன்னுள் எரிந்த புகையிலையை எல்லாம் லேசில் மறக்காது, அதனால் அதைத் தண்ணீரில் காட்டவே கூடாது, உள்ளே படிந்த கரியைக்கூட அளவோடுதான் சுரண்ட வேண்டும். இது பைப் பிடிக்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். உங்கள் தங்கைக்குத் தெரியாது. நான் வெளியே போயிருந்த சமயத்தில், பாவம் மனுஷன் போட்டிக்குப் போகிறாரே, அழுக்குப் பைப்போடு போனால் நமக்குத்தானே அவமானம் என்று இரக்கப்பட்டு, என்னிடமிருந்த அத்தனை பைப்புகளையும் பாத்திரம் கழுவும் சோப்பில் முக்கி, பிரஷ் போட்டுத் தேய்த்து, கவிழ்த்து வைத்திருந்த தட்டுகளுக்கு நடுவே வரிசையாக நிறுத்தியிருந்தாள். பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "பளபளன்னு இருக்கு பாருங்க" என்றாள். ஒன்றைப் பற்றவைத்து இழுத்தேன். எலுமிச்சை நுரை வந்தது. அவள் கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் நானும் ரெண்டு வார்த்தை திட்டியிருப்பேன். நல்லெண்ணத்தில் செய்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றி" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

இத்தோடு விட்டதா? போட்டி நாள் விடிந்தபோது எனக்கு ஜலதோஷம். ஜலதோஷம் என்றால் சும்மா தும்மல் கிம்மல் இல்லை, மச்சான். மூக்கின் இரண்டு கதவுகளும் இறுக மூடிக்கொண்டுவிட்டன. வாயால்தான் மூச்சு. யூகலிப்டஸ் தைலம் போட்டு ஆவி பிடித்தேன். கதவு திறக்கவில்லை, தைலம் மட்டும் எப்படியோ உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. உங்கள் தங்கை கதவருகே நின்று, "போகாதீங்க, உடம்புக்கு முடியலன்னு சொல்லிடுங்க, அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள். அவள் குரலில் இருந்தது அனுதாபமா, இல்லை என் பைப்புகள் பார்சலாகும் சந்தோஷமா என்று எனக்குப் பிடிபடவில்லை. மப்ளரை எடுத்துக் கழுத்தில் சுற்றி அவளே முடிச்சுப் போட்டுவிட்டாள். நான் கிளம்பிவிட்டேன்.

கடையின் பின்னறையில் ஒரு நீள மேஜை. அதில் லேபிள் இல்லாத மூன்று தகர டப்பாக்கள். ஒன்றில் சிவப்பு நூல், ஒன்றில் நீல நூல், ஒன்றில் வெள்ளை நூல் கட்டியிருந்தது. கடைக்காரர் விதியைச் சொன்னார். மூன்றிலும் இருப்பது ஒரே இலை. ஒன்றை மட்டும் நிஜ ரம்மில் ஊறவைத்து, வாரக்கணக்கில் பலகைக்கு அடியில் அமுக்கி வைத்து எடுத்திருக்கிறார். இன்னொன்றில் அன்று காலையில்தான் ரம் எசன்ஸைத் தெளித்திருக்கிறார். மற்றது வெறும் இலை. நிஜ ரம் எது என்று கண்டுபிடித்து, அதை மதிப்பிட்டும் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்பவரின் வார்த்தைகளைப் புது டப்பாவின் மூடியில் அச்சடிப்பார். யாருடைய பழைய பைப்பும் குறுக்கே வரக்கூடாது என்று ஆளுக்கு மூன்று புதிய மண் பைப்புகளை அவரே கொடுத்துவிட்டார். என்னுடைய எலுமிச்சைப் பைப்பை நான் சத்தம் காட்டாமல் கோட்டுப் பைக்குள் தள்ளிவிட்டேன்.

எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் இருவர். ஒருவர் பல் டாக்டர். ஊரார் வாயெல்லாம் பார்த்தவர் என்பதால் ருசியைப் பற்றித் தமக்கு மேல் யாருக்கும் தெரியாது என்ற நினைப்பு. இன்னொருவரை எல்லாரும் கேப்டன் என்பார்கள். அவர் காலம் முழுக்கப் படகுத்துறையில் டிக்கெட் கிழித்தவர், கப்பலில் ஏறியதில்லை. ஆனால் ரம் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு லேசாக ஆட ஆரம்பித்துவிடுவார்.

டப்பாக்களைத் திறந்தார்கள். சிவப்பு நூல் டப்பாவை முகர்ந்ததும் டாக்டர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "அடடா! இதான் சார், சந்தேகமே இல்ல! அறையே மணக்குது!" என்றார். கேப்டன் நீல டப்பாவுக்குள் முகத்தையே புதைத்து, "மரப்பீப்பா... தார்... ஈரப் பலகை... இதுல கடலே இருக்கு" என்று முனகினார். என் முறை வந்தது. மூன்று டப்பாவையும் முகர்ந்தேன். மூன்றிலும் யூகலிப்டஸ். "என்ன சார், ஒண்ணும் சொல்லமாட்டேங்கிறீங்க?" என்றார் கடைக்காரர். "அவசரப்பட்டுச் சொல்ல முடியாது" என்றேன் கம்பீரமாக. மனசுக்குள் நான் பெட்டியில் பைப்புகளை அடுக்கி, உங்கள் முகவரியை எழுதி, கயிறும் கட்டி முடித்துவிட்டேன்.

அப்போதுதான், மச்சான், இத்தனை வருஷம் பார்த்த உத்தியோகம் கைகொடுத்தது. லிஃப்டின் உள்ளே கண்ணாடி மாட்டியிருக்கிறதா, பூவேலை செய்திருக்கிறதா என்று பார்த்து எவனாவது சான்றிதழ் கொடுப்பானா? ஏறிப் பார்க்க வேண்டும். கீழ்த்தளத்திலிருந்து உச்சி வரை ஒரே சீராகப் போகிறதா, நடுவில் குலுக்குகிறதா, கடைசி வரை பாரம் தாங்குகிறதா என்றுதானே பார்க்க வேண்டும்? மூக்கு போனால் போகட்டும், நாக்கு இருக்கிறது, விரல் இருக்கிறது என்று நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டேன். அடியில் மெதுவாக, நடுவில் கொஞ்சம் அழுத்தி, மேலே நன்றாக அழுத்தி மூன்று பைப்பையும் நிரப்பினேன். டாக்டரும் கேப்டனும் நாலு இழுப்பு இழுத்துவிட்டு வர்ணனையில் இறங்கிவிட்டார்கள். நான் ஒவ்வொன்றையும் சாம்பலாகும் வரை பிடிப்பது என்று உட்கார்ந்துவிட்டேன்.

சிவப்பு நூல் ஆரம்பத்தில் நாக்கில் தித்தித்தது. ஆனால் கிண்ணம் பாதி எரிவதற்குள் தித்திப்பு காணாமல் போய், காய்ந்த இலையாக எரிந்து நாக்கைச் சுட்டது. கதவு திறந்ததும் விளக்கு எரிகிறது, இரண்டாம் மாடியில் மின்சாரம் போய்விட்டது என்று குறித்துக்கொண்டேன். நீலம் முதலிலிருந்து கடைசி வரை ஒரே சப்பை. படிக்கட்டில் நடந்து போவது மாதிரிதான், தவறு ஒன்றும் இல்லை, லிஃப்டும் இல்லை. வெள்ளை நூல் மகா சண்டி. ஈரப்பதம் இருந்ததால் பற்றவே மாட்டேன் என்றது. ஒரு தடவை, இன்னொரு தடவை, திரும்பவும் என்று தீக்குச்சிகளைக் கிழித்துக் கிழித்து என் முன்னால் ஒரு குவியலே சேர்ந்துவிட்டது. டாக்டர் கேப்டனின் விலாவில் இடித்தார். "சார் விறகடுப்பு மூட்டுறாரு" என்றார் கேப்டன். மண் பைப் சூடேறி விரல் கொப்பளித்தது. மப்ளரால் பிடித்துக்கொண்டேன். ஆனால் பற்றிய பிறகு, மச்சான், அது நிதானமாக எரிந்தது. நாக்கில் லேசான இனிப்பு, குறையவும் இல்லை, கூடவும் இல்லை. பாதிக் கிண்ணம் தாண்டியும் அப்படியே. முக்கால் கிண்ணம் தாண்டியும் அப்படியே.

கிண்ணத்தின் அடியை நெருங்கியபோது என் இடது மூக்கு திறந்தது.

அதை நான் எப்படிச் சொல்வேன்! அடைத்துக் கிடந்த மூக்கில் முதன்முதலாக வந்து நுழைந்தது யூகலிப்டஸ் இல்லை. வெல்லப்பாகும் பழைய மரமும் கலந்த, கனமான, நிதானமான நிஜ ரம். சிவப்பு டப்பாவின் வாசனை அந்நேரம் அறையை விட்டே ஓடிப்போயிருந்தது. இது மட்டும் அடிச் சாம்பல் வரை இறங்கி உட்கார்ந்திருந்தது. நான் எழுந்து நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாதி ஜலதோஷம், பாதி சந்தோஷம். "வெள்ளை நூல்" என்றேன். "சீராக ஏறும். நடுவில் நிற்காது. கடைசித் தளம் வரை அதே பாரம் தாங்கும்" என்று என் வாயில் வந்ததைச் சொன்னேன். சான்றிதழில் எழுதி எழுதிப் பழகிய வாசகம், வேறென்ன வரும்?

கடைக்காரர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், எசன்ஸ் வாசனை முதல்ல கத்தும், அப்புறம் ஓடிடும். ஊறினது கடைசி வரைக்கும் நிக்கும். மத்தவங்க பாதியிலயே கீழ வச்சுட்டாங்க. அடி வரைக்கும் பிடிச்சது நீங்க ஒருத்தர்தான்" என்றார். டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. கடலையே கண்டுபிடித்த கேப்டன் வெறும் இலையைப் பிடித்துக்கொண்டு அசடு வழிந்தார். என் வாசகம் அப்படியே டப்பாவின் மூடியில் வரப்போகிறது, மச்சான். இனிமேல் கடைத்தெருவில் யார் அந்த டப்பாவை வாங்கினாலும் உங்கள் மாப்பிள்ளையின் வாக்கை வாசிக்காமல் திறக்க முடியாது. கடைக்காரர் எனக்கென்று ஒரு பெரிய டப்பா நிறையக் கொடுத்தனுப்பினார். கூடவே ஒரு புதிய மரப் பைப்பும். வீட்டுக்கு நான் நடந்து வந்தேனா மிதந்து வந்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

உங்கள் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாழ்வாரத்தில் ஒரு தடவை, ஹாலில் ஒரு தடவை. அவள் மப்ளரை அவிழ்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அதில் ஏன் ஓட்டை விழுந்திருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. "சரி, ஜெயிச்சுட்டீங்க. அண்ணன் சொன்னது சொன்னதுதான். இனிமே நீங்க பைப் பிடிக்கிறப்ப நான் இங்கதான் உக்காருவேன், வாயத் திறக்கமாட்டேன்" என்றாள். பேச்சு மாறாத குடும்பம் உங்களுடையது என்பதை நான் எப்போதும் சொல்லி வந்திருக்கிறேன். இதோ, நான் இந்த வரியை எழுதும்போது அவள் சமையலறையிலிருந்து தன் நாற்காலியைத் தூக்கி வருகிற சத்தம் கேட்கிறது. இன்று மாலை ஹாலில் அமைதியாக, உலகத்தில் ஒருவர் குறுக்கீடும் இல்லாமல், என் முதல் பைப்பைப் பிடிக்கப்போகிறேன். இத்தனை நாள் ஏங்கியது இதற்குத்தான்.

வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உங்கள் நியாயம் ஓங்கட்டும், உங்கள் முழங்கால் நேராகட்டும், உங்கள் கண்ணாடி அலமாரியில் வேறு நல்ல பொருள்கள் வந்து நிறையட்டும்.

என்றும் உங்கள் தீர்ப்புக்குக் கட்டுப்பட்ட,
வெற்றி பெற்ற மாப்பிள்ளை

பின்குறிப்பு: மச்சான், இந்தக் கடிதத்தை உடனே தபாலில் போடவில்லை. மேலே எழுதியதை எல்லாம் தயவுசெய்து படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். அன்று மாலை உங்கள் தங்கை எனக்கு எதிரே உட்கார்ந்தாள். நான் பற்றவைத்தேன். அவள் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். வாய் திறக்கவில்லை. சாம்பல் கம்பளத்தில் விழுந்தது. பார்த்தாள், பேசவில்லை. ஒரு நெருப்புப் பொறி மெத்தை உறையில் விழுந்து ஓட்டையே போட்டுவிட்டது. எழுந்து வந்து தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை இல்லை. வாயிலிருந்து பைப்பை எடுத்தால், "நாளைக்குப் பால் வாங்கணும்" என்கிறாள். திரும்ப வைத்தால் நிறுத்திவிடுகிறாள். எடுத்தேன், "உருளைக்கிழங்கும் தீந்துடுச்சு" என்றாள். வைத்தேன், மூடிக்கொண்டாள். ஒரு கல்யாணமான மனிதன் இப்படி எத்தனை தடவை வைத்து வைத்து எடுப்பான்?

அதைவிடப் பெரிய அநியாயம், புகையிலையில் ரம்மைக் காணோம். ஜலதோஷம் எப்போதோ சரியாகிவிட்டது. இரண்டு மூக்கும் திறந்துதான் இருக்கின்றன. அதே டப்பா, அதே இலை. நாக்கில் வைக்கோல் மாதிரி இருக்கிறது. மறுநாளும் பிடித்துப் பார்த்தேன், அதற்கு மறுநாளும் பார்த்தேன். ஒன்றுமில்லை. எதிரே அவள் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பார்க்க பைப்பைப் பாதியிலேயே கீழே வைத்துவிட்டேன், மச்சான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அவள் திட்டு வேண்டும். ஆகவே நான் தோற்றதாக அறிவித்துவிடுங்கள். பைப்புகளை உங்களுக்கு அனுப்புவதற்காக இன்று காலை பெட்டியில் அடுக்கினேன். அவள் பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு பெட்டிக்குள் கையை விட்டு அந்தப் புதிய மரப் பைப்பை எடுத்து என் சட்டைப் பையில் செருகினாள். "இந்த ஒண்ணு மட்டும் இருக்கட்டும். இதையும் அனுப்பிட்டா நான் யாரைத் திட்டுறது? அண்ணன்கிட்ட அந்தத் தீர்ப்ப வாபஸ் வாங்கச் சொல்லுங்க" என்றாள்.

வாபஸ் வாங்கிவிடுங்கள், மச்சான். பார்சலில் ஒரு பைப் குறையும், கேள்வி கேட்காதீர்கள். இதை எழுதும்போது அது என் வாயில்தான் இருக்கிறது. உங்கள் தங்கை நாற்காலியோடு சமையலறைக்குப் போய்விட்டாள். "திரைச்சீலைய நேத்துதாங்க துவைச்சேன்! அறிவுன்னு ஒண்ணு இருந்தா அந்தப் பக்கம் ஊதுவீங்களா?" என்று சுவரைத் தாண்டிக் கத்துகிறாள். ரம் வருகிறது, மச்சான். நன்றாக வருகிறது.